திருப்பதிக்குப் பிறந்தநாள் உண்டா?

2022ஆம் ஆண்டு முதல் பிப்ரவரி 24ஆம் நாள் திருப்பதி நகரின் பிறந்தநாளாகக் கொண்டாடப்பட்டு வருகிறது. 1130ஆம் ஆண்டு அந்நாளில் இராமாநுசர் மலையடிவாரத்தில் கோவிந்தராசரை நிலைநிறுத்தி, கோயிலைச் சுற்றி ஊரமைத்தார் என்பது இக்கொண்டாட்டத்தின் அடிப்படை. முதல் விழாவில் நகருக்கு 892 வயது எனக் கணக்கிட்டார்கள். ஒரு நகரம் தன் பழைமையை நினைத்து மகிழ்வதில் யாருக்கும் மனக்குறை இருக்க முடியாது. சித்தூர் மாவட்டத்துக் கங்காதர நெல்லூர்க்காரனாகிய எனக்கும் திருப்பதி அயலூர் அன்று. எனினும் மொழியியல் மாணவன் என்ற முறையில் இவ்விழா எழுப்பும் ஒரு கேள்வியைத் தவிர்க்க இயலவில்லை. நகரம் என்பது ஒரு நாளில், ஒருவர் கையால், பிறக்கக்கூடியதா? திருப்பதியைப் பொறுத்தவரை இக்கேள்விக்கு விடை சொல்லத்தக்க சான்றுகள் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. அவை கோயிற்சுவர்களில் வெட்டப்பட்டுள்ளன. பெரும்பான்மை தமிழில் உள்ளன. அவற்றைப் படிக்காமலேயே நாம் பிறந்தநாள் கொண்டாடுகிறோம் என்பதுதான் என் வருத்தம்.

முதலில் நாளைப் பார்ப்போம். தில்லைச் சித்திரகூடத்திலிருந்து கோவிந்தராசர் திருமேனி அகற்றப்பட்டபின், இராமாநுசர் திருப்பதியில் அப்பெருமானை நிலைநிறுத்தினார் என்பது வைணவ மரபு. தில்லை நிகழ்ச்சியை ஒட்டக்கூத்தரின் பாடல்களைக் கொண்டு வரலாற்றாசிரியர் பலர் இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் வைக்கின்றனர். இரண்டாம் குலோத்துங்கன் ஆட்சிப் பொறுப்பேற்றது 1133ஆம் ஆண்டளவில். 1130இல் அரியணையில் இருந்தவன் அவன் தந்தை விக்கிரம சோழன். மரபுவழிக் கணக்குப்படி இராமாநுசரின் காலம் 1017 முதல் 1137 வரை. ஆகவே 1130இல் அவருக்கு வயது 113. கோவிந்தராசரைக் குறிக்கும் தொடக்கக் கல்வெட்டுகளோ 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இவற்றையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்தால், 12ஆம் நூற்றாண்டில் மலையடிவாரத்தில் ஒரு புதிய குடியிருப்பு வலுப்பெற்றது என்று சொல்லலாம். அதற்கு ஆண்டு, திங்கள், நாள் என்று குறிப்பது அக்காலத்தாரின் வழக்கமன்று, நம் காலத்தின் ஆசை.

இந்த ஆசை நமக்கு மட்டும் உரியதன்று. நியூயார்க் நகரின் முத்திரையில் நெடுங்காலம் 1664 என்ற ஆண்டு பொறிக்கப்பட்டிருந்தது. டச்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர் அந்நகரைக் கைப்பற்றிப் புதுப்பெயர் சூட்டிய ஆண்டு அது. 1970களில் நகர மன்றம் அதை 1625 என்று மாற்றியது. டச்சுக்காரர் மன்ஹாட்டன் தீவின் தென்முனையில் கோட்டை கட்டத் தொடங்கிய ஆண்டு அது. ஒரு மன்றத் தீர்மானத்தில் நகருக்கு 39 வயது கூடிவிட்டது. இரண்டு ஆண்டுகளுமே அத்தீவில் முன்பே வாழ்ந்த லெனாப்பே மக்களைக் கணக்கில் கொள்ளவில்லை. முத்திரையை விட எனக்கு முதன்மையாகப் படுவது வேறொரு குறிப்பு. 1643இல் அங்குச் சென்ற ஐசக் ஜோக் என்ற பிரெஞ்சுப் பாதிரியார், சில நூறு பேரே வாழ்ந்த அக்குடியிருப்பில் பதினெட்டு மொழிகள் வழங்குவதாகக் கேட்டு எழுதிவைத்தார். நகரம் எப்படி உண்டாகிறது என்பதை முத்திரையிலுள்ள இரு ஆண்டுகளும் சொல்லவில்லை; அந்தப் பதினெட்டு மொழிகள் சொல்கின்றன. வெவ்வேறு பேச்சுடையோர் ஓரிடத்தில் கொடுக்கல் வாங்கல் நடத்தத் தொடங்கும்போது நகரம் தொடங்குகிறது. திருப்பதியின் கல்வெட்டுகள் அத்தகைய கொடுக்கல் வாங்கலின் பதிவேடுகள்.

அப்பதிவேடு 1130இல் தொடங்கவில்லை. மலையடிவார ஊருக்கு முன் திருச்சானூர் இருந்தது. இன்று பத்மாவதித் தாயார் கோயிலால் அறியப்படும் அவ்வூர், கல்வெட்டுகளில் திருச்சோகினூர் என்றும் திருச்சுகனூர் என்றும் வழங்கப்படுகிறது. திருவேங்கடக் கோட்டத்துக் குடவூர் நாட்டில் அடங்கிய பிராமணச் சபை ஊர் அது. பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், சோழ நாட்டைச் சேர்ந்த ஒருவர் அங்கே ஒரு விளக்குக்குக் கொடை எழுதியிருக்கிறார். மலைமேல் உறையும் இறைவனுக்கு அடிவாரத்தில் ஒரு திருவிளங்கோயில் இருந்தது. மலையேற்றம் கடினமாயிருந்த காலத்தில் வழிபாடும் கணக்கும் கீழேதான் நடந்தன.

10ஆம் நூற்றாண்டினதாகப் பலரும் கொள்ளும் சாமவையின் கல்வெட்டுகள் இன்னும் தெளிவானவை. காடவன் பெருந்தேவி என்ற சிறப்புப் பெயருடைய இப்பல்லவர் குலப் பெண், திருமலையில் வெள்ளியால் ஒரு திருமேனி செய்தளித்தாள். அன்று மணவாளப் பெருமாள் எனப்பட்ட அத்திருமேனியே இன்று போக சீனிவாசர் என்ற பெயரில் நாள்தோறும் வழிபடப்படுகிறது. சாமவை நகைகளைக் கொடுத்ததோடு நிற்கவில்லை. அமுதுபடிக்கும் விளக்குக்கும் புரட்டாசித் திருவிழாவுக்கும் வேண்டிய வருவாய்க்காக நிலம் வாங்கி எழுதிவைத்தாள். அதை விற்றோருள் திருச்சானூர்ச் சபையாரும் அடங்குவர். அரச குடும்பத்துப் பெண்ணே ஆனாலும் நிலத்தைப் பறிக்கவில்லை, விலை கொடுத்து வாங்கினாள். நில விற்பனை, அதைக் காக்கும் சபை, அதைப் பதியும் எழுத்து ஆகிய மூன்றும் இருந்த இடத்தை ஊர் இல்லாத காடு என்று சொல்ல இயலாது.

மூன்றாவது சான்று இராசேந்திர சோழன் காலத்தது. ஓர் ஊர்ச் சபையார் திருமலையில் இருபத்து நான்கு விளக்குகள் எரிப்பதாகப் பொன் பெற்றுக்கொண்டு இரண்டே விளக்குகளை எரித்து வந்தனர். சோழ அதிகாரி ஒருவர் திருச்சானூரில் அமர்ந்து கோயில் காரியங்களை ஆராய்ந்தபோது இது வெளிப்பட்டது. ஒழுங்குபடுத்தும் ஆணை கல்லில் ஏறியது. நிறைவேறிய கொடையைப் போலவே முறைகேடும் பொதுவில் எழுதப்பட்டது. நிருவாகம், தணிக்கை, பொறுப்புக் கூறல் என்று இன்று நாம் பேசுவனவற்றின் விதைகள் இங்கே இருக்கின்றன. இவையெல்லாம் நடந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்தே 1130 வருகிறது.

இதனால் இராமாநுசரின் பங்கு குறைந்துவிடாது. உண்மையில் அது கூடுகிறது. கபில தீர்த்தத்தை ஒட்டிக் கொத்தூர் என்ற பழைய குடியிருப்பு இருந்ததாகவும், கோவிந்தராசர் கோயிலைச் சூழ இராமாநுசபுரம் அமைந்ததாகவும் மரபு சொல்கிறது. ஏற்கெனவே வழிபாடும் சபையும் வருவாயும் இருந்த ஒரு வட்டாரத்தின் மையத்தை நகர்த்தியதுதான் அங்கே நிகழ்ந்தது. திருச்சானூர் மலையிலிருந்து சற்றே விலகிய ஊர். புதிய குடியிருப்போ மலைப்பாதையின் வாயிலில் அமைந்தது. ஏறுவோரும் இறங்குவோரும் தங்கவும் உண்ணவும் வேண்டிய இடம் அது. மலைமேல் குடியிருப்பு பெருகாமல் அடிவாரத்தில் ஊர் வளர்ந்ததற்கு இந்த இட அமைப்பே காரணம். நிறுவியவர் என்பதை விட இடமறிந்து அமைத்தவர் என்று சொல்வது இராமாநுசருக்கு உரிய பெருமையைச் சரியாக அளிக்கும் என்று கருதுகிறேன்.

ஆனால் அந்த ஊர் நகரமானது அடுத்த முந்நூறு ஆண்டுகள் கழித்துத்தான். சந்திரகிரியைத் தளமாகக் கொண்ட சாளுவ நரசிம்மன், 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இக்கோயிலுக்குக் கொடைகள் எழுதத் தொடங்கினான். பின்னர் கிருட்டிணதேவராயரும் அச்சுதராயரும் அவ்வழியைத் தொடர்ந்தனர். கிருட்டிணதேவராயர் 1513க்கும் 1521க்கும் இடையில் ஏழு முறை மலையேறினார். பாடநூல்களில் இடம்பெறுவன அவருடைய வருகையும் வைர முடியும் தேவியரோடு நிற்கும் செப்புத் திருமேனிகளுமே. அவற்றை விட நகரை வளர்த்தது வேறொன்று. அது தண்ணீர்.

அமெரிக்க வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டைன் 1960இல் வெளியிட்ட ஒரு கட்டுரை, தென்னிந்தியக் கோயில்களின் பொருளியலை ஆராயும் எவரும் கடந்து செல்ல முடியாதது. திருப்பதிக் கல்வெட்டுகளே அதன் ஆதாரம். அது காட்டும் இயக்கம் இதுதான். ஒருவர் கோயிலுக்குப் பணம் தருகிறார். இன்ன நாளில் இவ்வளவு அமுதுபடி இறைவனுக்குப் படைக்க வேண்டும் என்கிறார். கோயில் அப்பணத்தைப் பெட்டியில் பூட்டவில்லை. திருவிடையாட்டமான ஓர் ஊரில் ஏரியைத் தூர்வாரவும் கால்வாய் வெட்டவும் செலவிட்டது. தண்ணீர் வந்ததும் நிலத்தின் விளைவு பெருகியது. பெருகிய விளைவிலிருந்து அந்த அமுதுபடி நடந்தது. பணம் வாய்க்காலாகி, வாய்க்கால் நெல்லாகி, நெல் பிரசாதமானது. மழை குறைந்த இவ்வட்டாரத்தில் இதைவிட நல்ல முதலீடு இருந்திருக்க முடியாது.

பிரசாதமான பிறகும் இயக்கம் நிற்கவில்லை. படைக்கப்பட்டதில் நான்கில் ஒரு பங்கு கொடையாளிக்கு உரியது. இதற்குக் கல்வெட்டுகள் வைத்திருக்கும் பெயர் ‘விட்டவன் விழுக்காடு’. கொடையை விட்டவனுக்கு வரும் பங்கு என்பது பொருள். இன்று நூற்றுவீதத்தைக் குறிக்க நாம் வழங்கும் விழுக்காடு என்ற சொல், அன்று பங்கிடும் இடத்தில் விழும் பங்கைக் குறித்தது. இப்பங்கைக் கொடையாளி தானே பெறலாம், மடத்துக்கு எழுதிவைக்கலாம், வழிப்போக்கருக்கு உணவளிக்கும் இராமாநுசகூடத்துக்கு ஒதுக்கலாம். சாளுவ நரசிம்மன் அமைத்த இராமாநுசகூடத்தைக் கந்தாடை இராமாநுச ஐயங்கார் நடத்தினார். பங்குடையோரிடமிருந்து யாத்திரிகர் பிரசாதம் வாங்கும் வழக்கமும் வளர்ந்தது. அப்பப்படி, அதிரசப்படி, வடைப்படி, சுகியன்படி என்று நீளும் கல்வெட்டுப் பட்டியல்கள் வெறும் சமையற் குறிப்புகள் அல்ல. ஒவ்வொரு படிக்கும் அரிசி எவ்வளவு, நெய் எவ்வளவு, வெல்லம் எவ்வளவு, மிளகு எவ்வளவு என்று கணக்கிருக்கிறது. அதைக் கொண்டுவர வண்டியும், அளக்க ஆளும், இடிக்க உரலும், சமைக்கப் பானையும் வேண்டும். பானைக்குக் குயவர் வேண்டும். மாலைக்கு நந்தவனமும் அதைப் பேணும் சாத்தாத ஸ்ரீவைணவரும் வேண்டும். பட்டுக்கும் துணிக்கும் கைக்கோளர் வேண்டும். இவர்களுக்கு வீடு வேண்டும். வீடுகளுக்குத் தெரு வேண்டும். நகரம் அப்படித்தான் உண்டானது.

எழுதுவோரும் வேண்டும். விசயநகரக் காலக் கல்வெட்டுகளில் மிகப் பல, கோயில் கணக்கு திருநின்றஊருடையான் எழுத்து என்ற குறிப்போடு முடிகின்றன. ஒருவரே அத்தனை தலைமுறை வாழ்ந்திருக்க முடியாது. தந்தைக்குப் பின் மகன் என்று தொடர்ந்த கணக்கர் குடியின் பெயர் அது. திருநின்றவூர் சென்னைக்கு மேற்கே, இன்றும் புறநகர் ரயில் நிற்கும் ஊர். அங்கிருந்து வந்து, பெயரில் அவ்வூரைச் சுமந்துகொண்டு, மலையின் கணக்கை எழுதிய அக்குடியினரை எந்தப் பிறந்தநாள் விழாவிலும் யாரும் நினைப்பதில்லை. மன்னர்கள் வந்து போனார்கள், கணக்கர் இருந்தார். திருப்பதி நகரை அமைத்தவர்கள் என்று ஒரு பட்டியல் எழுதினால், அதில் இராமாநுசருக்கு அடுத்துத் திருநின்றஊருடையான் பெயரை எழுதுவேன்.

இனி மொழிக்கு வருகிறேன். கொடையாளிகளில் தெலுங்கர் உண்டு, கன்னடர் உண்டு, துளுவ மரபினர் உண்டு. ஆனால் அவர்கள் கோயிலோடு செய்துகொண்ட ஒப்பந்தங்கள் பெரும்பாலும் தமிழில் எழுதப்பட்டன. கிருட்டிணதேவராயரின் சில கொடைகள் மட்டும் தமிழ், தெலுங்கு, கன்னடம் என ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் உள்ளன. இவ்வகையில் சிந்திக்க வேண்டிய குடும்பம் தாள்ளபாக்கத்தாருடையது. அன்னமாசாரியார் தெலுங்கில் பாடினார். அவர் வழியினர் அப்பாடல்களைச் செப்பேடுகளில் தெலுங்கில் பொறித்துக் கோயிலில் வைத்தனர். அதே குடும்பத்தைச் சேர்ந்த அவர் மகன் பெரிய திருமலாசாரியார் 16ஆம் நூற்றாண்டில் ஊர்களையும் பணத்தையும் கோயிலுக்கு எழுதிவைத்தபோது, அவ்வொப்பந்தம் தமிழில் கல்லில் ஏறியது. பாட்டுக்குத் தெலுங்கு, பத்திரத்துக்குத் தமிழ், மங்கலத் தொடருக்கு வடமொழி. ஒரே குடும்பம், ஒரே கோயில், ஒரே காலம். இதில் யாருக்கும் முரண் தோன்றவில்லை. மொழியியலில் இதனை வழங்குகளம் என்போம். எந்தச் சூழலில் எந்த மொழி என்பது பிறப்பால் முடிவாவதன்று, பணியால் முடிவாவது. கோயில் அலுவலகத்தின் மொழி தமிழாயிருந்தது. அதனால் பத்திரம் தமிழாயிற்று.

அப்பத்திரத் தமிழும் தூய செந்தமிழ் அன்று. ‘கொடுத்தபடி’ என்பது ‘குடுத்தபடி’ என்று பேச்சு வடிவில் வரும். கிரந்த எழுத்துகள் இடையிடையே கலந்து வரும். விசயநகர ஆட்சியோடு வந்த வருவாய்ச் சொற்களும் பதவிப் பெயர்களும் தாராளமாகப் புழங்கும். இன்று சித்தூர்ப் பக்கத்துத் தமிழைக் கேட்டுக் கலப்படம் என்று முகம் சுளிப்போர், ஐந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட இக்கல்வெட்டுத் தமிழையும் ஒருமுறை படிக்க வேண்டும். எல்லையில் வாழும் மொழி அப்படித்தான் இருக்கும். அது அதன் குறையன்று, அதன் தொழில்.

நகரின் பெயரே இதற்குச் சான்று. தமிழில் பதி என்றால் உறைவிடம், ஊர். திருப்பதி என்பது தொடக்கத்தில் ஓரூரின் சிறப்புப் பெயரன்று. திருமால் உறையும் தலங்கள் அனைத்தையும் நூற்றெட்டுத் திருப்பதிகள் என்றே வைணவர் சொல்வர். அப்பொதுப்பெயர், மிகப் பெரிய தலம் ஒன்றுக்கே உரிய இயற்பெயராக ஒடுங்கியது. தமிழில் பகரம் இரட்டிக்கிறது. தெலுங்கில் ஒற்றைப் பகரத்தோடு ‘திருபதி’ என்று வழங்குகிறது. அந்த வடிவில், பதி என்ற வடசொல்லுக்குத் தலைவன் என்ற பொருள் இருப்பதால், திருமகளின் தலைவன் என்று பொருள் கொள்ளவும் வழி பிறந்தது. ஓர் ஒற்றெழுத்து மறைந்ததில் ஊரின் பெயர் இறைவனின் பெயராகவும் கேட்கத் தொடங்கிவிட்டது. இரண்டில் எது சரி என்று வாதாடலாம். இரண்டு காதுகளுக்கும் பொருள் தரும் பெயர் என்பதால்தான் அது நிலைத்தது என்பது என் கருத்து. இவ்வட்டாரத்துப் பெயர்கள் பலவும் இப்படித்தான். சித்தூர் என்பது சிற்றூர் என்பதன் திரிபு. ஊர் என்ற சொல் தமிழுக்கும் தெலுங்குக்கும் பொது. எங்கள் கங்காதர நெல்லூரைத் தமிழர் ஊர் என்று முடிக்க, தெலுங்கர் ஊரு என்று முடிக்கிறார்கள். இருவரும் போய்ச் சேர்வது ஒரே பேருந்து நிறுத்தம்.

இவ்விடத்தில் ஒரு பழைய காயத்தைத் தொடாமல் இருக்க முடியாது. 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டம் அதில் சேர்ந்தது. ம.பொ.சிவஞானமும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாகப் பின்னர் எல்லை திருத்தப்பட்டு, 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சத்தியவேடு ஆந்திரத்துக்குச் சென்றது. வேங்கடம் ஆந்திரத்திலேயே இருந்துவிட்டது. தொல்காப்பியப் பாயிரம் வேங்கடத்தை வட எல்லையாகச் சொல்வதையும் கல்வெட்டுகள் தமிழில் இருப்பதையும் காட்டி, திருப்பதி எங்களுடையது என்று தமிழ்நாட்டில் இன்றும் பேசுகிறோம். மறுபுறம், தமிழ்க் கல்வெட்டுகளைப் பற்றிப் பேசுவதே உரிமை கோருவதாகும் என்ற ஐயத்தில் அவை குறித்து மௌனம் காப்போரும் உண்டு. இந்த உரத்த பேச்சும் அந்த மௌனமும் ஒரே தவற்றின் இரு முகங்கள். இரண்டுமே கல்வெட்டை நிலப் பட்டாவாக நினைக்கின்றன.

அகநானூற்றுப் பாடல்களில் வேங்கடம் வரும் இடங்களை நினைத்துப் பாருங்கள். பொருள் தேடிச் செல்லும் தலைவன் புல்லியின் வேங்கடத்தைக் கடந்து, மொழிபெயர் தேயத்துக்குப் போகிறான். மொழி மாறும் நாடு என்பது அதன் பொருள். அங்கே வேங்கடம் மதிலாக நிற்கவில்லை, வழியாக நிற்கிறது. மொழி மாறும் இடம் என்பதாலேயே அங்கு வணிகமும் பயணமும் குடியேற்றமும் நடந்தன. அவை நடந்ததாலேயே நகரம் வளர்ந்தது. திருப்பதி ஒரு மொழிக்கே உரிய ஊராக இருந்திருந்தால் இவ்வளவு பெரிய நகராக ஆகியிருக்காது.

என் கருத்துக்கு இரண்டு மறுப்புகள் எழக்கூடும். விழாவுக்கு ஏதேனும் ஒரு நாள் வேண்டும்தானே, சென்னைக்கு ஆகஸ்ட் 22 இல்லையா என்பது ஒன்று. நியாயமான கேள்விதான். 1639இல் தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கர் ஆங்கிலேயருக்கு அளித்த உரிமை ஆவணத்தை வைத்துச் சென்னைக்கு நாள் குறிக்கிறோம். மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் அதற்குப் பல நூற்றாண்டுகள் மூத்தவை. ஆனால் சென்னை நாளில் ஒரு நன்மை விளைந்தது. அதையொட்டி நடைப்பயணங்களும் சொற்பொழிவுகளும் பழம் படங்களின் கண்காட்சிகளும் நடக்கின்றன. 1639க்கு முற்பட்ட ஊர்களைப் பற்றியும் அங்கே பேசுகிறார்கள். விழா நாள் கேள்விகளைத் திறந்துவிட்டால் அது பயனுள்ளது. மூடிவிட்டால், ஒரு பெயரையும் ஓர் ஆண்டையும் மனப்பாடம் செய்த தலைமுறைதான் மிஞ்சும்.

கல்வெட்டுகளின் தமிழை இப்படி முன்னிறுத்துவது மீண்டும் எல்லைச் சண்டையை மூட்டாதா என்பது மற்றொன்று. படிக்காமல் பேசுவதுதான் சண்டையை மூட்டுகிறது. தாள்ளபாக்கத்தாரின் செப்பேட்டையும் கல்வெட்டையும் ஒருசேரப் படித்தவர் யாரும், இந்நகர் ஒரு மொழியாருக்கு மட்டுமே உரியது என்று சொல்லத் துணிய மாட்டார்.

சிக்கல் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துவருவதில் இருக்கிறது. சாது சுப்பிரமணிய சாஸ்திரி உள்ளிட்ட அறிஞர்களின் உழைப்பால் 1930களில் தேவஸ்தானம் இக்கல்வெட்டுகளை ஆறு தொகுதிகளாக வெளியிட்டது. தென்னிந்தியக் கோயில் எதற்கும் எளிதில் வாய்க்காத பேறு அது. ஆனால் இன்று எங்கள் பகுதியில் வளரும் இளைஞர்களின் நிலை என்ன? வீட்டில் தமிழ் பேசும் பலர் தெலுங்கு எழுத்தை மட்டுமே அறிந்திருக்கிறார்கள். தெலுங்கு மாணவர்களுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. எல்லைக்கு இப்பாலுள்ள தமிழ் மாணவர்களுக்குத் தமிழ் தெரியும், ஆனால் கிரந்தம் கலந்த கல்வெட்டு எழுத்துத் தெரியாது, தெலுங்கும் தெரியாது. மூன்று தரப்பினரும் ஒரே சுவரின் முன் நின்று, மூவரும் படிக்க முடியாமல் கடந்து போகிறோம். படிக்க இயலாத கல் வெறும் கல்லாகிவிடுகிறது. திருமலையில் சாளுவர் காலத்திலிருந்து நின்ற ஆயிரங்கால் மண்டபம் 2003இல் அகற்றப்பட்டதை நாம் மறக்கலாகாது. ஒரு கட்டடத்தின் வரலாற்றை நகரமே படித்து வைத்திருந்தால், அதை இடிப்பது அத்தனை எளிதாயிராது.

ஆகவே கல்வியாளர்களிடமும் சக மாணவர்களிடமும் மூன்று வேண்டுகோள்கள். சித்தூர், திருப்பதி, வேலூர், திருவள்ளூர் மாவட்டக் கல்லூரிகளின் வரலாறு, தமிழ், தெலுங்குத் துறைகள் இணைந்து, இரு மொழி மாணவர்களும் சேர்ந்து பயிலும் கல்வெட்டுப் படிப்பு ஒன்றைத் தொடங்க வேண்டும். தமிழ் மாணவர் தெலுங்கு எழுத்தையும், தெலுங்கு மாணவர் தமிழ், கிரந்த எழுத்துகளையும் அங்கே கற்க வேண்டும். அடுத்து, ஆறு தொகுதிகளிலும் உள்ள கல்வெட்டுகளுக்கு எளிய தெலுங்கு உரையும் எளிய தமிழ் உரையும் எழுதப்பட வேண்டும். ஆங்கில மொழிபெயர்ப்பு ஆய்வாளருக்குப் போதும். அந்நகரில் வாழ்வோருக்குப் போதாது. மூன்றாவதாக, வரும் பிப்ரவரி 24 விழாவில், ஊர்வலம் போகும் வழியில் கோவிந்தராசர் கோயிற்சுவர்க் கல்வெட்டு ஒன்றையேனும் உரக்கப் படித்து இரு மொழிகளிலும் பொருள் சொல்ல வேண்டும். எந்தக் கல்வெட்டு என்று கேட்டால், மன்னர் கொடை எதுவும் வேண்டாம் என்பேன். ஏதோ ஓரூரில் கால்வாய் வெட்டி, அந்த நெல்லில் ஒரு படி அதிரசம் படைக்கச் சொன்ன யாரோ ஒருவரின் கொடை போதும். அதன் இறுதியில் திருநின்றஊருடையானின் எழுத்து இருக்கும். அதையும் விடாமல் படிக்க வேண்டும்.

துறைசார்ந்த நண்பர்கள் இதில் இசைவும் மறுப்பும் தெரிவித்தால் மகிழ்வேன். குறிப்பாக, மாணவர்களுக்கு முதலில் கற்பிக்கத்தக்க எளிய கல்வெட்டுகள் எவை என்று ஆறு தொகுதிகளிலிருந்தும் எடுத்துக்காட்டினால், பாடத்திட்டம் ஒன்றை வரைய உதவியாக இருக்கும்.